சேம அச்சு இல்லாத தேர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

‘எந்திர உலகும் தமிழும்’ என்னும் பொதுத் தலைப்பைத் தந்த செயலாளர், அதற்குள் எதனைப் பேசுவது என்பதை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார். பேரெந்திரங்களின் உறுப்புகளை அவை இருந்த இடத்திலேயே, உடைக்காமலும் அறுக்காமலும், உள்ளே குறை உண்டா என்று ஆய்ந்தறியும் முறையைப் பற்றிப் பேசலாம் என்று துணிந்தேன். ஆலைகளில் இதனை ‘என்.டி.டி.’ என்று மூன்றெழுத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தமிழ் விரிவுரையாளர்க்கும் இரும்புக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு பழையது. சங்கப் பாட்டிலேயே அதற்குத் தடம் இருக்கிறது.

புறநானூற்றின் 102ஆம் பாட்டு, ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. இந்த அவையில் அதனை அறியாதார் இலர். உப்பு வணிகர் வண்டியில் பொதி ஏற்றிப் புறப்படும்போது, வண்டியின் அடிப்புறத்தில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு செல்கின்றனர். எருதுகள் இளையவை, சுமை பெரிது, வழியோ மேடும் பள்ளமும் நிறைந்தது, எங்கே எது நேருமோ என்னும் கவலை. அந்த மாற்று அச்சுக்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். தலைவனை அதற்கு ஒப்பிடுவது பாட்டின் நோக்கம். வகுப்பறையில் நாம் உவமையின் நயத்தைப் பாராட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுகிறோம். உவமானத்தின் பின்னே இருக்கும் தொழிலறிவை நின்று நோக்குவதில்லை. அச்சு முறியக்கூடியது, முறியுமுன் அது யாரிடமும் சொல்வதில்லை, ஆகவே இன்னொன்றைக் கையோடு வைத்துக்கொள் என்பது அவ்வணிகரின் பட்டறிவு. உள்ளிருப்பதை முன்கூட்டி அறிய வழியில்லாத காலத்தில் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டுகிறார். இறகேயானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும். பொறியியலார் இதனை மிகைச்சுமை முறிவு என்பர். கடைசி இறகை வைத்த அக்கணத்தில் முறிகிறது; காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. இன்றைய எந்திரங்களின் அச்சுகளோ பெரும்பாலும் அவ்வாறு முறிவதில்லை. ஓர் இறகும் மிகாமல், அளவுக்குட்பட்ட சுமையையே ஆண்டுக்கணக்கில் சுமந்து, ஒருநாள் திடுமென முறிகின்றன. இவ்விரு முறிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விளங்கிவிட்டால் என் உரையில் பாதி முடிந்ததாகும்.

1842 மே 8ஆம் நாள் பிரான்சில், வெர்சேலிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலில் எஞ்சினின் அச்சு ஒன்று முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பு ஏன் முறிந்தது என்ற கேள்வி ஐரோப்பியப் பொறியியலாரைப் பல்லாண்டு அலைக்கழித்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் வோலர் என்னும் செருமானியர் இரயில் அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துப் பார்த்து விடை கண்டார். ஒருமுறை சுமந்தால் தாங்கக்கூடிய சுமையை இலட்சக்கணக்கான முறை மாற்றி மாற்றிச் சுமந்தால் அதே இரும்பு தாங்காது. சுழலும் அச்சில் ஒரு புறத்து இழை இழுபடும்போது எதிர்ப்புறத்து இழை அழுந்துகிறது. அரைச் சுற்றில் நிலை மாறுகிறது. இந்த ஓயாத இழுப்பிலும் அழுத்தத்திலும் எங்கோ ஒரு புள்ளியில் மயிரிழை விரிசல் தோன்றிச் சுற்றுக்குச் சுற்று வளர்கிறது. ஆங்கிலத்தார் இதற்கு இட்ட பெயரை நாம் ‘உலோகக் களைப்பு’ என்று தமிழாக்கிக்கொண்டோம். நல்ல சொல், இதற்குப் பின்னர் ஒருமுறை திரும்பி வருவேன்.

நமக்கு அண்மையிலேயே இதற்குச் சான்று காணலாம். இராசபாளையத்தார்க்கு ஆலை புதிதன்று. பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936இல் நிறுவிய நூற்பாலைக் காலத்திலிருந்தே ஆலைச் சங்கோடு வளர்ந்த ஊர் இது. அவர் பெயர் தாங்கிய இராமசாமி ராஜா நகரில், விருதுநகருக்குத் தெற்கே, சிமெண்ட் ஆலை எழுந்தது. நம்மில் எத்தனையோ வீடுகளில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தோர் உண்டு. ஆனால் அதன் நடுநாயகமான சுழல் உலையைப் பாட்டில் வைத்த கவிஞர் ஒருவரை நான் கண்டதில்லை. ஐம்பது, அறுபது மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள எஃகு உருளை. உள்ளே தீச்செங்கல் பூச்சு. மூலப்பொருள் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் வேகிறது. சற்றே சாய்ந்து படுத்த நிலையில் இரவும் பகலும் உருளும் இவ்வுலையைச் சுற்றி எஃகு வளையங்கள் பூட்டியிருக்கும். அவ்வளையங்கள் தாங்குருளைகளின்மேல் அமர்ந்திருக்கும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். உலை நிமிடத்திற்கு 4 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். தாங்குருளை சிறியது, ஆகவே அது மூன்றரை மடங்கு விரைவாகச் சுழலும் எனக் கொண்டால் நிமிடத்திற்கு 14 சுற்று, நாளொன்றுக்கு இருபதாயிரம், முந்நூறு நாள் ஓடினால் அறுபது இலட்சம், இரண்டே ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் அச்சு ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. விரிசல் தோன்றுவதும் வெளிப்புறத்தில் இல்லை. உருளை அச்சின்மேல் இறுகப் பொருந்தியிருக்கும் விளிம்பின் அடியில், யார் கண்ணும் படாத இடத்தில். இந்த அச்சு முறிந்தால் உலை சாயும். சாய்ந்தால் ஆலையே நின்றுபோகும். அருகில் நிற்பவர் கதி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு உலை ஓட்ட முடியுமா? கிடங்கில் ஒன்று வைத்திருக்கலாம்; முறிவு நேரும் நொடியில் அதனால் யாதொரு பயனும் இல்லை.

ஆக, முறியுமுன் அறிந்தாக வேண்டும். அறிவதற்கு எளிய வழி அறுத்துப் பார்ப்பது. அறுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அந்த உண்மை அறுபட்ட அச்சைப் பற்றியது. அந்த அச்சு இனி எதையும் சுமக்கப்போவதில்லை. இந்த முட்டுச்சந்திலிருந்து மனிதர் கண்டுபிடித்த வழிகள் பல. நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் மண்பானையை விரலால் தட்டிப் பார்த்து வாங்கினார்கள். கணீரென்றால் நன்று, சொத்தென்றால் கீறல். இரயில் நிலையங்களில் நீண்ட கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் சக்கரம் சக்கரமாகத் தட்டிச் செவிகொடுத்துச் சென்றதை முதியோர் கண்டிருப்பார்கள். இரயில் பட்டறைகளில் அச்சை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சுண்ணத்தூள் பூசிவைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பூச்சில் கறுத்த கோடாக எழும். இன்று சிவப்புச் சாயம் கொண்டு செய்யும் சோதனை இதன் வழிவந்ததே. பானை தட்டிய கையையும் சுத்தியல் பிடித்த கையையும் நான் ஒரே வரிசையில் வைக்கிறேன்.

தட்டிக் கேட்பதன் நுண்மையான வடிவம் மீயொலிச் சோதனை. மனிதச் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரையில் கேட்கும். இச்சோதனையில் பயன்படுவது இருபது இலட்சம், ஐம்பது இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி. எஃகுக்குள் அது நொடிக்கு ஏறத்தாழ 5900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாலரை மீட்டர் நீள அச்சு ஒன்றின் முனையில் இவ்வொலியைச் செலுத்தினால், மறுமுனை சென்று மோதித் திரும்புவதற்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கே ஆகும். அதற்கும் முன்னதாக ஓர் எதிரொலி திரும்பி வந்தால், வழியில் ஏதோ குறுக்கிட்டிருக்கிறது. வந்த நேரத்தைக் கொண்டு அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்கலாம். 1928இல் உருசியாவில் சோகலோவ் இவ்வழியைச் சுட்டினார். 1940களில் அமெரிக்காவில் பயர்ஸ்டோனும் இங்கிலாந்தில் ஸ்பிரௌலும் எதிரொலிக் கருவிகளை உருவாக்கினர். குறுக்கிட்ட பொருளின் பருமையை எப்படி மதிப்பிடுவது? அதே வகை எஃகுத் துண்டு ஒன்றில் வேண்டுமென்றே ஒரு துளையிட்டு, அதன் எதிரொலியோடு ஒப்பிடுகிறார்கள். அறியாக் குறையை அளக்க, நாமே அறிந்து செய்த குறை ஒன்று அளவுகோலாகிறது.

இங்கே ஒரு சிறு சொல்லாராய்ச்சிக்கு அவை இடம்தர வேண்டும். இச்சோதனை முறைகளுக்கு ‘அழிவுறாச் சோதனை’, ‘சேதமிலாச் சோதனை’ என்றெல்லாம் தமிழில் எழுதி வருகிறார்கள். எனக்கு ‘ஊறிலாச் சோதனை’ என்பது பிடித்திருந்தது. ஊறு என்றால் தீங்கு. பிறகுதான் இடர்ப்பாடு உறைத்தது. ஊறு என்பதற்குத் தொடு உணர்ச்சி என்றும் பொருள். ஐம்புலன் நுகர்ச்சிகளுள் அதுவும் ஒன்று. மீயொலிச் சோதனையிலோ தொடாமல் காரியம் நடக்காது. ஒலி செலுத்தும் தலைக்கும் எஃகுக்கும் இடையே மயிரளவு காற்று இருந்தாலும் ஒலி அனைத்தும் அங்கேயே திரும்பிவிடும். ஆகவே எண்ணெயோ மசகோ கூழோ தடவி இறுக ஒட்டவைக்க வேண்டும். ஊறு உண்டு, ஊறு இல்லை! தீங்கையும் தொடுதலையும் ஒரே சொல்லில் வைத்த மொழி, தொட்டும் தீங்கு செய்யாத ஒன்றுக்குப் பெயரிட வரும்போது தடுமாறுகிறது. இதனைத் தமிழின் வறுமை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. செழுமையால் வந்த தடுமாற்றம் இது.

இனி, ‘எடுத்துச் செல்லத்தக்க’, ‘தானியங்கு’ என்னும் இரண்டு அடைகளைப் பற்றி. முதலாவது எளிது. சிறு பல்சக்கரத்தை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு செல்லலாம். சுழல் உலையையும் கொதிகலனையும் பாலத்தையும் கொண்டு செல்ல இயலாது. ஆகவே நோயாளியிடம் மருத்துவர் செல்வதுபோல் கருவி உறுப்பிடம் செல்கிறது. இரண்டாவதற்குக் காரணம் சற்று ஆழமானது. நூற்றுக்கணக்கான மீட்டர் பற்றவைப்புத் தடத்தின்மேல் ஒருவர் கருவித் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே திரையையும் பார்த்துச் செல்ல வேண்டும். வெயில், வியர்வை, உயரச் சாரம். மூன்றாம் மணி நேரத்தில் கை அழுத்தம் குறைகிறது. கண் ஒரு கணம் விலகுகிறது. அந்தக் கணத்தில் எழுந்த எதிரொலியைப் பார்த்தவர் யாருமில்லை. உலோகக் களைப்பைத் தேடிச் செல்பவரைக் களைப்பே வென்றுவிடுகிறது. அதனால்தான் காந்தச் சக்கரங்களால் எஃகுச் சுவரைப் பற்றிக்கொண்டு தானே ஊரும் சிறு வண்டிகள் வந்தன. கருவித் தலையை அவை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் நகர்த்துகின்றன. எந்த அங்குலத்தில் எந்த எதிரொலி வந்தது என்பதைப் பதிந்து வைக்கின்றன. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் ஊர்ந்து, வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

இப்போது பெரிதும் வழங்குவது ‘பேஸ்டு அரே’ என்னும் முறை. ஒரே தலைக்குள் பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு என்று ஒலிச்சில்லுகள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒருசேர ஒலித்தால் ஒலியலை நேரே செல்லும். ஒரு புறத்திலிருந்து தொடங்கி நுண்ணிய நேர இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தால் அலை மறுபுறமாகத் திரும்பும். வீதி முக்கில் வலப்புற வடத்தைச் சற்று முன்னதாக இழுத்தால் தேர் இடப்புறம் திரும்புகிறதே, அதுதான். தலையை அசைக்காமலே ஒலியைப் பல கோணங்களில் வீசலாம். 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாம்பன் இரயில் பாலத்தின் பற்றவைப்புகளை இம்முறையால் ஆய்ந்ததாகவும், திருச்சியிலுள்ள பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் அவற்றைச் சரிபார்த்ததாகவும் இரயில்வே தரப்பில் அறிவித்தார்கள். உப்புக்காற்றில் நிற்கப்போகும் பாலம்; அதன் மேலெழும் பகுதி மட்டும் 72.5 மீட்டர். அதனை எந்த ஆய்வுக்கூடத்திற்குள் நுழைக்க முடியும்?

மனிதர் அருகே செல்லவே முடியாத இடங்களில்தான் இக்கலையின் முழு உருவத்தைக் காண்கிறோம். கல்பாக்கம் சென்னை அணுமின் நிலைய உலை ஒவ்வொன்றிலும் 306 குழாய்கள் கிடைமட்டமாகச் செல்கின்றன. ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், எட்டு சென்டிமீட்டர் அளவான உள்விட்டம். ஆண்டுகள் செல்லச் செல்ல வெப்பத்தாலும் கதிர்வீச்சாலும் குழாய் மெல்லத் தொய்கிறது. வெளியே சூழ்ந்திருக்கும் மற்றொரு குழாயைத் தொட்டுவிட்டால் தொட்ட இடம் குளிர்ந்து, ஐதரசன் அங்கே திரண்டு, உலோகம் நொறுங்கத் தொடங்கும். 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் உலையில் இத்தகைய குழாய் ஒன்று பிளந்தது. அதன்பின் உலகெங்கும் இக்குழாய்களை உள்ளிருந்து பார்க்கும் தேவை எழுந்தது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் ‘பார்சிஸ்’ என்ற கருவியமைப்பை ஆக்கினர். மீயொலியும் சுழல் மின்னோட்டமும் கொண்ட ஓர் ஆய்வுத்தலை குழாய்க்குள் தானே நுழைந்து, சுவரின் தடிப்பையும் விரிசலையும் இரு குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளியையும் அளந்து வருகிறது.

அதே கல்பாக்கத்தில் இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் வடிவமைத்த முன்மாதிரி வேக ஈனுலை நிற்கிறது. 2024 மார்ச்சில் அதன் உலை உள்ளகத்தை நிரப்பும் பணியைத் தொடங்கினர். அதன் முதன்மைக் கலன் ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுடையது. உள்ளே நிறைந்திருப்பது ஒளி ஊடுருவாத உருகிய சோடியம். அக்கலனைச் சுற்றி ஒரு காப்புக் கலன். இரண்டுக்கும் இடையே ஒரு முழத்திற்கும் குறைவான சந்து. கொதிநீரினும் மிகுந்த வெப்பமுள்ள அச்சந்தில் இரு சுவர்களையும் சக்கரங்களால் உந்திப் பிடித்துக்கொண்டு இறங்கி, பற்றவைப்புகளைச் சோதிக்கும் ஊர்தியை அம்மையத்தார் உருவாக்கினர்.

இம்மையத்தில் ஊறிலாச் சோதனைத் துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் 2018இல் மறைந்த பல்தேவ் ராஜ் அவர்கள். அவரும் அவர்தம் குழுவினரும் இதே கருவிகளோடு சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளிடமும் சென்றார்கள். சுரண்டவோ துளையிடவோ கூடாத பொருள்கள் அவை. எக்சு கதிர்ப் படத்தாலும் பரப்பின் நுண்ணமைப்பைப் படியெடுப்பதாலும் ஒவ்வொரு படிமத்தின் உள்ளமைப்பையும் கைரேகைபோல் பதிவுசெய்ய முயன்றனர். களவுபோய் மீண்டுவந்தது மெய்யான படிமமா போலியா என்று பின்னொரு நாள் கேள்வி எழுந்தால் விடை சொல்ல அது உதவும். அணு உலைக்கு ஒரு கண், ஆடவல்லானுக்கு ஒரு கண் என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. தமிழ்த்துறைகளில் இச்செய்தி போதிய அளவு பரவாதது எனக்கு வருத்தமே.

இதுவரை கருவியைப் பேசினேன். இனிச் சொல்ல வருவதற்காகவே இத்தலைப்பைத் தேர்ந்தேன்.

என்னிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று இச்சோதனைத் தொழிலில் இருக்கிறார். ஊர் ஊராகச் சென்று கொதிகலன்களையும் அச்சுகளையும் ஆய்கிறார். விடுமுறையில் வந்தவர் ஒரு நிகழ்ச்சி சொன்னார். ஆலை ஒன்றில் அச்சைச் சோதித்து அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த எந்திரத்தோடு இருக்கும் மேஸ்திரி அருகில் வந்து, “தம்பி, விரிசல் இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க, போதும்” என்று கேட்டார். இவரால் பதில் சொல்ல முடியவில்லை. திரையில் ஓர் எதிரொலி எழுந்தது உண்மை. அது விரிசலாகவும் இருக்கலாம்; அச்சின் படிக்கட்டு விளிம்பில் பட்டுத் திரும்பியதாகவும் இருக்கலாம். விரிசலே ஆயினும் விதிநூல் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குள் இருக்கலாம். ஆங்கில அறிக்கையில் இம்மூன்று நிலைக்கும் மூன்று வேறு சொற்கள் உள்ளன. தேர்வெழுதிச் சான்று பெற்றவர்கள் அவற்றை மாற்றி வழங்கமாட்டார்கள். மேஸ்திரியின் தமிழில் மூன்றுக்கும் ‘கிராக்’ என்ற ஒரே சொல்தான் கிடைத்தது. “ஐயா, ஒன்றும் பயமில்லை” என்று சொல்லிவிட்டு வந்தாராம். அறிக்கையில் எழுதியது அதுவன்று. ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். மேஸ்திரிக்குப் போய்ச் சேர்ந்தது பயமில்லை என்பது மட்டுமே.

அம்மாணவரோடு அமர்ந்து அன்று மாலை சொல் தேடினோம். நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. கருவி காட்டுவது குறி. அக்குறி எந்திரத்தின் வடிவால் எழுந்ததா, உள்ளேயுள்ள ஒரு பழுதால் எழுந்ததா என்று ஆராய்ந்து, பழுதே என்று தெளிந்தால் அது குறை. அக்குறை, விதிநூல் வகுத்த எல்லையைக் கடந்தால் அது குற்றம். குறி, குறை, குற்றம். நன்னூல் பத்துக் குற்றங்களை வகுத்துச் சொன்னது உங்களுக்குத் தெரியும். எல்லை வகுத்த பிறகே குற்றம் என்னும் சொல்லுக்கு உரிமை வருகிறது என்பது நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது. “குறி இருக்கு, குறைதான், ஆனால் குற்றமில்லை, ஆறு மாசத்தில் மறுபடி பார்க்கணும்” என்று அந்த மேஸ்திரியிடம் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்காமலா போயிருக்கும்? விளங்கியிருந்தால், அந்த ஆறு மாதமும் நாள்தோறும் அச்சருகே செல்லும் அவருடைய கண்ணும் செவியும் அதன்மேல் இருந்திருக்குமே.

சொல் பிசகினால் என்ன நேரும் என்று கேட்பீர்களாயின், செருமனியில் எஷடே என்னும் ஊரைச் சொல்வேன். 1998 சூன் 3ஆம் நாள் அவ்வூரருகே அதிவிரைவு இரயில் ஒன்று பாலத்தூணில் மோதி 101 பேர் இறந்தனர். சக்கரத்தின் வெளிப்பட்டையில் உட்புறமாகத் தோன்றி வளர்ந்த களைப்பு விரிசலே காரணம். அச்சக்கரம் சரியில்லை என்று அதற்கு முன்பே தானியங்குச் சோதனையில் குறி எழுந்திருந்தது. அதிர்வும் இரைச்சலும் பற்றி இரயில் பணியாளர் முறையிட்டிருந்தனர். கருவி அடிக்கடி பொய்யாக எச்சரிக்கிறது என்று எண்ணிப் பணிமனையில் கைவிளக்கைப் பிடித்துக் கண்ணால் பார்ப்பதோடு நின்றிருந்தார்கள். குறி இருந்தது, அதைக் குறையா என்று ஆராயும் நடுப்படியில் யாரும் நிற்கவில்லை. தானியங்கு கருவி வந்தபின் மனிதர்க்கு வேலை குறைந்துவிடும் என்பார் கூற்று இந்த நடுப்படியை மறந்த கூற்று.

திருவில்லிபுத்தூருக்கு வருகிறேன். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் நான்கு வீதியும் வருவதை நீங்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள். மரச்சக்கரங்கள் இருந்த தேருக்கு இன்று இரும்புச் சக்கரங்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு எஃகு அச்சும் சக்கரமும் தடை அமைப்பும் செய்து தந்தது திருச்சி பெல் நிறுவனம். கொதிகலன் செய்யும் கைகளே தேர்ச்சக்கரமும் செய்தன. வினைத்திட்ப அதிகாரத்தில் பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி இன்றியமையாதது என்று வள்ளுவர் சொன்னபோது அவர் நினைத்த தேர் மரத்தேர். எஃகுத் தேரின் இடர் வேறு. அது ஆண்டின் பெரும்பகுதி வெயிலிலும் மழையிலும் நிலையில் நிற்கிறது; ஓடுவதோ மிகச் சில நாள். ஆகவே உலையின் தாங்குருளைபோல் கோடிமுறை சுழன்று களைப்பதற்கு அதற்கு வாய்ப்பில்லை. துருவும், வார்த்தபோதே உள்ளே தங்கிவிட்ட புழையும் கசடுமே அதன் பகை. இவ்வேறுபாடு தெரிந்தால்தான் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

தேரோட்டத்திற்கு முன் பொறியாளர்கள் பார்த்து உறுதிச்சான்று தருகிறார்கள். தந்த பிறகே வடம் அசைகிறது. ஆனால் அந்தச் சான்றின் முழு விவரம் யாரைச் சேர வேண்டும்? வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோர் முன்னே இருக்கிறார்கள்; உருளும் சக்கரத்திற்குக் கையெட்டும் தொலைவில், குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர் இருக்கிறார். தேரின் எடையும் சரிவும் அவர் கைக்குத் தெரியும். எந்தச் சக்கரத்தில் குறி இருந்தது, அது குறையா, குற்றமில்லையென்று யார் துணிந்தார்கள் என்பது அவருக்குத் தமிழில் சொல்லப்பட வேண்டும். சான்று கோப்பில் இருப்பதால் அவர் கால் பாதுகாக்கப்படுவதில்லை. இவ்வட்டத்தில் கோயில் பணியோடு தொடர்புடையோர் சிலர் இருக்கிறீர்கள். அடுத்த ஆடிக்குள் அச்சான்றின் சாரத்தைத் தெளிந்த தமிழில் ஒரு பக்கமாக எழுதி, முட்டுக்கட்டையாளர் முன் படித்துக்காட்ட முடியுமா என்று உரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். நான் இதுவரை சொன்னதைக் கேட்டு உங்களுள் சிலர் இந்நேரம் மனத்திற்குள் உவமை புனையத் தொடங்கியிருப்பீர்கள். காதலியின் மௌனத்தில் எதிரொலி தேடும் கவிதை ஒன்று அடுத்த மாதக் கூட்டத்தில் வந்துவிடும் என்று அஞ்சுகிறேன். எழுதுங்கள், தடையில்லை. அதற்கு முன் தொழிலுக்கு ஒரு சொல் தந்துவிட்டு எழுதுங்கள். அம்மாணவர் என்னிடம் கேட்டு, என்னால் தர இயலாத சொல் அது.

மீயொலிக் கருவி ஒலியைச் செலுத்திய உடனே அதன் சில்லு அதிர்ந்து அடங்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்திற்குள் திரும்பி வரும் எதிரொலியை அதனால் கேட்க முடியாது. ஆகவே கருவித் தலைக்கு நேர் கீழே, பரப்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் ஆழம் வரையில் என்ன இருந்தாலும் திரையில் எழாது. நான்கு மீட்டருக்கு அப்பால் இருக்கும் விரிசல் தெரியும். தொட்டுக்கொண்டிருக்கும் இடத்திற்கு அடியில் இருப்பது தெரியாது. அதற்காகவே ஒலிக்க ஒரு சில்லும் கேட்க வேறொரு சில்லும் வைத்த இரட்டைத் தலைகளைச் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் இப்பகுதியைச் செத்த இடம் என்ற பொருளில் வழங்குகிறார்கள். தமிழில் ‘குருட்டுப் பகுதி’ என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. அங்கே எதுவும் சாகவில்லை. கண்ணுக்கும் அங்கே வேலையில்லை. தன் குரலின் முழக்கத்தில் தன் செவி அடைபட்டுப்போன இடம் அது. இரண்டு அசையில், மூன்று அசையில், சாரத்தின்மேல் நிற்பவர் கீழே நிற்பவருக்குக் கூவிச் சொல்லத்தக்கதாக அதற்கு ஒரு பெயர் வேண்டும். கிடைத்தவர்கள் செயலாளரிடம் தாருங்கள்.